லேப் டிப் நோட்டைப் பூட்டி வைக்காதீர்கள்

திருப்பூரிலிருந்து வெளிநாட்டு பையருக்கு பனியன் அனுப்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்க முதலில் சாயமேற்றி அனுப்புகிற மாதிரித் துணி. அவர் வேண்டாமென்ற லேப் டிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். துண்டுத்துணியை நோட்டில் ஒட்டி, பக்கத்திலேயே சாயம், உப்பு, சூடு, அவர் சொன்ன குறை, பார்த்த விளக்கு எல்லாம் எழுதுங்கள். விளக்கு முக்கியம். பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் பொருந்துகிற நிறம் கடைவிளக்கான டிஎல்84இல் காலை வாரிவிடும்.

எங்களிடம் இதெல்லாம் டையிங் மாஸ்டர் மண்டையில்தான் இருந்தது. அவர் வேலையை விட்டு நின்றதும் ஒரே நேவி ப்ளூவுக்கு ஏழு முறை டிப் அனுப்பினோம். அப்புறம்தான் நோட்டு வந்தது.

மாதம் ஒருமுறை வீடியோ காலில் பையரின் டிசைனருக்கு நோட்டைப் புரட்டிக் காட்டுங்கள். உப்பு குறைந்து வெளிறிப்போன ஒரு டிப்பைப் பார்த்துவிட்டு, அடுத்த சீசனுக்கு அதுவே வேண்டுமென்றார் எங்கள் டிசைனர். சாய அளவை மட்டும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.