பழைய நிலத்தடி எரிபொருள் தொட்டிகளின் கசிவை ஆராயும் முறை

நிலத்தடித் தொட்டி கசிந்திருக்கிறதா என்று ஆராய முற்படுபவர்கள் முதல் நாளே துளையிடும் இயந்திரத்தை வரவழைப்பதுண்டு. தொட்டி எங்கே புதைந்திருக்கிறது என்பதை உறுதிசெய்யாமல் இறக்கப்படும் துளைக்கருவி, அதுவரை கசியாத தொட்டியையும் கிழித்துவிடக்கூடும். ஆகவே முதல் சில நாட்களைப் பழைய ஆவணங்களுக்கு ஒதுக்க வேண்டும். கட்டட வரைபடங்கள், உரிமப் பதிவுகள், பழைய வான்வழிப் படங்கள் ஆகியவற்றுடன் இருப்புக் கணக்கையும் தேடிப் பாருங்கள். வந்த எரிபொருளுக்கும் விற்ற எரிபொருளுக்கும் இடையே மாதந்தோறும் குறைவு தெரிந்தால் அதுவே முதல் தடயம். அங்கே வேலை செய்தவர்களிடம் நிரப்பும் வாய் எங்கிருந்தது, குழாய்கள் எவ்வழியே சென்றன என்று கேட்க வேண்டும். தொட்டியின் உடல் நன்றாக இருந்தாலும் குழாய் இணைப்புகளும் நிரப்பும்போது சிந்திய இடங்களும் மாசடைந்திருக்கலாம்.

எந்த எரிபொருள், எந்த ஆண்டுகளில் இருந்தது என்பதே ஆய்வகத்தில் எதைத் தேடச் சொல்வது என்பதை முடிவுசெய்கிறது. பெட்ரோல் என்றால் பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும் கட்டாயம். டீசல் என்றால் மொத்த ஹைட்ரோகார்பன்களும் நாப்தலீன் போன்ற பல்வளையச் சேர்மங்களும் முக்கியம். வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது உலகெங்கும் முற்றிலும் நின்றது 2021-இல்தான் என்பதால், பழைய தொட்டிகளில் ஈயத்தையும் அதனுடன் சேர்க்கப்பட்ட டைபுரோமோஈத்தேனையும் மறக்கலாகாது. எம்டிபிஇ என்ற சேர்பொருள் கலந்த பெட்ரோல் இருந்திருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள். அது நீரில் எளிதில் கரைந்து, மண்ணில் அதிகம் ஒட்டாமல், மற்றவற்றை முந்திக்கொண்டு செல்லும்.

கசிந்த எரிபொருள் முதலில் நேராகக் கீழே இறங்குகிறது. வழியில் ஒரு பகுதி மண் துகள்களுக்கிடையே சிக்கிக்கொள்ள, மீதி நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்து, நீரைவிட இலேசானது என்பதால் அதன் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும்போது மிதக்கும் எரிபொருள் மண்ணில் ஒரு பட்டையாகப் பூசப்படுகிறது. கழிவுநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவற்றுக்காக வெட்டிய பள்ளங்கள் தளர்வான மண்ணால் நிரப்பப்பட்டிருப்பதால், ஆவியும் திரவமும் அவற்றின் வழியே எதிர்பாராத திசையில் போய்விடலாம்.

களத்தில் காந்தமானி அல்லது தரை ஊடுருவும் ரேடார் கொண்டு தொட்டியின் இடத்தை உறுதிசெய்த பிறகும், முதல் ஒன்றரை மீட்டரைக் கையாலேயே தோண்டுவது நல்லது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால் தீப்பிடிக்க ஒரு தீப்பொறி போதும்; வாயுமானி இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. துளையிலிருந்து வரும் மண்ணைச் சிறு பைகளில் அடைத்து ஆவிமானியால் அளந்து, மிக அதிக அளவு காட்டும் ஆழத்திலும், நீர்மட்டத்தை ஒட்டியும், மாசு முடிவதாகத் தோன்றும் அடிமட்டத்திலும் மாதிரி எடுங்கள். பென்சீன் பறந்துபோகும் பொருள் என்பதால், பல இடத்து மண்ணைக் கலந்து ஒரே மாதிரியாக்கினால் உண்மையைவிடச் சுத்தமான முடிவுதான் கிடைக்கும்.

கண்காணிப்புக் கிணறுகள் குறைந்தது மூன்று வேண்டும். அவை ஒரே கோட்டில் அமைந்தால் நீர் ஓடும் திசையைக் கணக்கிட முடியாது. ஒவ்வொரு கிணற்றுக் குழாயின் வாய்மட்டத்தையும் மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்து வையுங்கள். குழாயின் துளையிட்ட பகுதி நீர்மட்டத்தின் மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். முழுதும் நீருக்குள் மூழ்கியிருந்தால் மிதக்கும் எரிபொருள் உள்ளே வராது, கிணறு பொய் சொல்லும். கீழே உள்ள களிமண் அடுக்கைக் குத்தித் துளைத்து ஆழமான நீருக்கு வழி திறந்துவிடுவது இத்தொழிலின் மிகக் கொடிய தவறு.

நீர் எடுக்கும் முன், எரிபொருளும் நீரும் சந்திக்கும் மட்டத்தைக் காட்டும் இடைமுகமானியை இறக்கி எரிபொருள் படலம் உள்ளதா என்று பாருங்கள். கிணற்றில் தெரியும் தடிமன் மண்ணில் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றக்கூடும் என்பதால், அதைக் கொண்டு நேரடியாகக் கொள்ளளவைக் கணக்கிடக் கூடாது. படலம் இல்லாவிடில் நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் என்ற மெதுவான வேகத்தில் இறைத்து, அமிலத்தன்மையும் மின்கடத்துத்திறனும் நிலைபெற்ற பிறகே மாதிரியைப் பிடிக்க வேண்டும். அமிலம் இட்ட 40 மில்லிலிட்டர் குப்பியை விளிம்புவரை நிரப்பி மூடி, தலைகீழாக்கித் தட்டிப் பாருங்கள். குமிழி எழுந்தால் அந்தக் குப்பியைத் தள்ளிவிட்டு வேறொன்றில் பிடியுங்கள். பிறகு 4 டிகிரி செல்சியசில் வைத்து 14 நாட்களுக்குள் ஆய்வு முடிய வேண்டும். பயணம் முழுவதும் உடன் செல்லும், தூய நீர் மட்டும் நிரப்பிய குப்பி ஒன்றும் இருந்தால், வழியில் ஏறிய மாசைப் பிரித்தறியலாம்.

முடிவுகள் வந்ததும், குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமையும் அந்தந்த நாட்டின் வரம்பையும் வைத்து ஒப்பிட வேண்டும். ஒருமுறை எடுத்த மாதிரியை நம்பாதீர்கள். நீர்மட்டம் உயர்ந்த பருவத்திலும் தாழ்ந்த பருவத்திலும் எடுத்தவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைந்து இரும்பு கூடியிருந்தால், நுண்ணுயிர்கள் எரிபொருளைச் சிதைக்கின்றன என்பதற்கு அது சான்று. நீரோட்டத்தின் கீழ்த்திசையில் கடைசியாக அமைத்த கிணற்றிலும் பென்சீன் தென்பட்டால், அதற்கப்பால் இன்னொன்று அமைத்தாக வேண்டும்.