‘ரன்’ என்ற சொல்லைப் பிடிப்பது எப்படி

மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் தம்பி ஒருவர் காஞ்சிபுரத்தில் சேலைக் கடையில் வேலை பார்க்கிறார். வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் அரக்கு நிறக் கைத்தறிச் சேலையின் முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “வில் இட் ரன்?” என்று கேட்டிருக்கிறார். சேலை எங்கே ஓடும்? இவர் விழித்துக்கொண்டு நிற்க, அவர் சேலையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்டது “சாயம் போகுமா?” என்றுதான். அன்று மாலை முழுவதும் ‘ரன்’ ஒன்றையே நடத்தினேன்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்தச் சொல்லைத் திருத்தி எழுதிய பீட்டர் கில்லிவர், வினைச்சொல்லாக மட்டுமே இதற்கு 645 பொருள்களைப் பிரித்தார். ஒன்பது மாதங்கள் ஆயின. நமக்கு வேண்டியது பொருளைக் கண்டுபிடிக்கும் வழி.

முதலில் எழுவாயைப் பாருங்கள். பஸ் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது என்று நாம் சொல்லும் இடங்களில் ஆங்கிலத்திலும் ரன்தான். ஆகவே பாதி உங்கள் கையிலேயே இருக்கிறது. எழுவாய் நீராகவோ நீரோடு கலந்ததாகவோ இருந்தால் வழிவது, ஒழுகுவது, கசிவது எல்லாம் இதற்குள் அடங்கும். “மை நோஸ் ஈஸ் ரன்னிங்” என்றால் மூக்கு ஒழுகுகிறது. சாயமும் அப்படித்தான்.

அடுத்து, செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். தமிழில் ஓடு, ஓட்டு; நட, நடத்து என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் உருவம் மாறுகிறது. ரன் மாறாது. “ஷீ ரன்ஸ்” என்றால் அவள் ஓடுகிறாள். “ஷீ ரன்ஸ் எ மெஸ்” என்றால் அவள் மெஸ் நடத்துகிறாள். பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால் ‘நடத்து’, ‘இயக்கு’ இரண்டையும் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று பொருந்திவிடும். “ரன்னிங் எ ஃபீவர்” போன்ற சில பொருந்தாது. அது காய்ச்சல் அடிப்பது; அப்படியே பழகிக்கொள்ள வேண்டியதுதான். ‘ஓட்டு’ என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பஸ் ஓட்டுநர் “ஐ ரன் எ பஸ்” என்றால், அவர் சொந்தமாக பஸ் விட்டிருப்பதாகக் கேட்பவர் நினைப்பார். ஓட்டுவதற்கு ‘டிரைவ்’தான் சொல்.

பின்னால் ஒட்டி வரும் சிறு சொல்லையும் விடாதீர்கள். இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகப் படியுங்கள். ‘ரன் அவுட்’ என்றதும் நமக்குக் கிரிக்கெட் நினைவுக்கு வரும். “வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்” என்றால் வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. “ஐ ரேன் இன்டு மை டீச்சர்” என்றால் ஆசிரியரை எதிர்பாராமல் பார்த்தேன். ‘இன்டு’வுக்குப் பதில் ‘ஓவர்’ போட்டால் அவர் மேல் வண்டியை ஏற்றிவிட்டேன் என்று ஆகிவிடும். இறந்தகாலம் ‘ரேன்’, ஆனால் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ முன்னால் வந்தால் மறுபடியும் ‘ரன்’. இதில் தவறாத மாணவரை நான் பார்த்ததில்லை.

தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ரன்’ செய்கிறார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். நாமும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறோம்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். நாளுக்கு ஒரு வாக்கியம். அது உங்கள் வேலையிலிருந்தோ அடுப்படியிலிருந்தோ வர வேண்டும், புத்தகத்திலிருந்து வேண்டாம். எழுதியதை அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தத் தம்பியின் நோட்டில் முதல் வரி இது: “திஸ் கலர் வோன்ட் ரன், மேடம், பட் வாஷ் இட் செபரேட்லி த ஃபர்ஸ்ட் டைம்.”