பருவத்தின் பாதியில் கிரிக்கெட் அணியைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

பாடசாலை அணிக்குப் புதிதாகப் பொறுப்பாசிரியர் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் 19 வயதுக்குட்பட்ட அணிக்கு டிசம்பர் விடுமுறைக்குள் ஏழு ஆட்டங்கள் முடிந்திருந்தன. மார்ச்சில் பிக் மெட்ச், அதாவது போட்டிப் பாடசாலையுடன் வருடாவருடம் மோதும் பெரிய ஆட்டம். 1879இல் தொடங்கிய றோயல் – தோமியன் ஆகட்டும், நேற்று ஆரம்பித்த சமர் ஆகட்டும், பழைய மாணவர்கள் விசாரிப்பது அந்த ஒன்றைத்தான். அதற்கு முன் உட்கார்ந்து யோசிக்க டிசம்பரை விட்டால் நேரம் கிடைக்காது.

முதல் வருடம் நான் யோசித்த விதம் இதுதான்: நான்கு ஆட்டம் தோற்றோம், ஆகவே பயிற்சியைக் கூட்டு. வாரத்தில் இரண்டு நாளாக இருந்ததை மூன்றாக்கினேன். பெப்ரவரியில் என் முதல் வேகப்பந்து வீச்சாளன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

படி 1: தேவையானவை

ஸ்கோர் புத்தகம், வரவுப் பதிவு, ஒரு சீ.ஆர். கொப்பி (கெட்டி அட்டைக் கொப்பி), பென்சில். கைபேசிச் செயலிகளில் ஸ்கோர் போடலாம், தவறில்லை. ஆனால் அவை ஆட்டத்தை மட்டுமே அறியும், பயிற்சியை அறியாது. எனக்குக் கொப்பிதான் சரி. மழையில் நனைந்தாலும் வெயிலில் காயவைத்து வாசிக்கலாம்.

படி 2: முடிவுகளைப் பிரித்து எழுதுங்கள்

இரண்டு நாள் ஆட்டத்தில் "சமநிலை" என்று மட்டும் எழுதாதீர்கள். முதல் இன்னிங்ஸில் முந்தினோமா, பிந்தினோமா என்பதையும் குறியுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கத்தில் மெட்டிங்கா (பாய் விரித்த ஆடுகளம்) டேர்ஃபா (இயற்கை ஆடுகளம்) என்றும் எழுதுங்கள். மெட்டிங்கில் 40 அடிப்பவன் டேர்ஃபில் 4க்குப் போவது எங்களுக்குப் புதிதல்ல.

சராசரியை மட்டும் நம்ப வேண்டாம். ஒருவன் ஏழு இன்னிங்ஸில் 112 ஓட்டம், அதில் மூன்று தடவை ஆட்டமிழக்கவில்லை என்றால், ஆட்டமிழந்த நான்கு தடவையால் வகுத்துச் சராசரி 28 என்று வரும். இன்னிங்ஸுக்கு என்று பார்த்தால் 16தான். இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: வீசிய பந்துகளை எண்ணுங்கள்

நான் சறுக்கிய இடம் இது.

இடுப்பைப் பிடித்துக்கொண்ட அந்த வேகப்பந்து வீச்சாளன் மட்டக்குளியிலிருந்து 155 பஸ்ஸில் வருபவன். ஒரு நாள் சப்பாத்துக் கயிறு கட்டக் குனியாமல், காலைக் கிட் பையின் மேல் தூக்கி வைத்துக் கட்டினான். பார்த்தேன். ஏதோ ஸ்டைல் என்று விட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்துத்தான் வலி என்று சொன்னான். அப்போதுதான் கேட்டேன்: "இந்தக் கிழமை எவ்வளவு போட்டாய்?" ஸ்கோர் புத்தகத்தில் 18 ஓவர். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

"சேர், ஞாயிற்றுக்கிழமை அகாடமியிலும் போடுறேன்."

உட்கார்ந்து எண்ணினோம். செவ்வாய், புதன், வியாழன் வலைப்பயிற்சி, நாளுக்கு ஏறக்குறைய 60 பந்து: 180. வெள்ளி, சனி ஆட்டத்தில் 108. ஞாயிறு அகாடமியில் 72. மொத்தம் 360 பந்து, அதாவது 60 ஓவர். அதுவும் ஆறு நாள் தொடர்ச்சியாக. அந்த மூன்றாவது பயிற்சி நாள் நான் சேர்த்தது.

வளரும் வயதில் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் அழுத்த முறிவு வருவது வேகப்பந்து வீச்சாளர்களுக்குத் தெரிந்த ஆபத்து. இங்கிலாந்து கிரிக்கெட் சபை 16, 17 வயதினருக்கென வெளியிட்ட வழிகாட்டலில் ஒரு ஸ்பெல்லுக்கு (ஒருவன் தொடர்ந்து வீசும் ஓவர்களுக்கு) 7 ஓவர், ஒரு நாளுக்கு 18 ஓவர் என்று எல்லை இருந்தது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வீசக் கூடாது, ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் வீசக் கூடாது என்பதும் அதில் இருந்தது. நான் கடைசி இரண்டையும்தான் கொப்பியின் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எண்ணும் விதம்: 15 வயதுக்குட்பட்ட அணியில் ஒரு பையனைப் பிடித்து, கையில் சோடா மூடிகள் கொடுங்கள். ஆறு பந்துக்கு ஒரு மூடி, வீச்சாளனின் பெயர் எழுதிய டப்பாவில் போட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். வெளியில் எங்கே விளையாடுகிறான் என்பதைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள், ஒருவனும் வாய் திறக்கமாட்டான். தனியாகக் கேளுங்கள். வலியையும் அப்படித்தான். வலி என்று சொன்னால் வைத்தியரிடம் அனுப்புங்கள். நீங்களே எண்ணெய் தேய்த்துச் சரிப்படுத்தப் பார்க்காதீர்கள்.

படி 4: மிஞ்சிய நாட்கள்

ஜனவரி முதல் பத்து வாரம், வாரம் மூன்று பயிற்சி, ஆக 30 என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். தைப்பொங்கல், போயா (பௌர்ணமி விடுமுறை), பெப்ரவரி 4 சுதந்திர தினம், தவணைப் பரீட்சை எல்லாம் கழியும். இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் இரண்டு வாரம் உள்ளே கால் வைக்க முடியாது. எங்களுக்கு மிஞ்சியது 17. அந்தப் பதினேழில் எல்லாவற்றையும் திருத்த முடியாது.

படி 5: முதலில் ஒன்றை எடுத்துவிடுங்கள்

எதைச் சேர்ப்பது என்று யோசிக்குமுன் எதை நிறுத்துவது என்று எழுதுங்கள். இரண்டாம் வருடம் நான் வியாழன் வலைப்பயிற்சியை நிறுத்தினேன். அந்த நாளில் களத்தடுப்பு மட்டும், அதுவும் 40 நிமிடம். பிறகு ஒரே ஒரு மாற்றம்: ஆரம்பத் துடுப்பாட்டக்காரர்கள் இருவரும் புதுப் பந்தில் மட்டும் பயிற்சி. முன்பு பழைய பந்தில் அடித்துப் பழகிவிட்டு, ஆட்டத்தில் மூன்றாவது ஓவரில் ஸ்லிப்பில் பிடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாற்றத்தைத் தலைவனிடம் முதலில் சொல்லுங்கள், அப்புறம் அணிக்கு. தலைவன் மற்றவர்களோடு சேர்ந்து கேட்டு அறிந்தால் முகம் வாடிவிடும்.

பிற்சேர்க்கை 1: வலைப்பந்துப் பொறுப்பாசிரியை ஒருவர், "எங்களுக்குப் பந்துவீச்சே இல்லையே, எதை எண்ணுவது?" என்று கேட்டார். ஒரு கிழமையில் பாடசாலை, கழகம், இல்லப் போட்டி என்று எத்தனை மணி நேரம் களத்தில் நிற்கிறார்கள் என்பதை எண்ணுங்கள். முழங்கால், கணுக்கால் வலியையும் அதே பக்கத்தில் குறியுங்கள்.

பிற்சேர்க்கை 2: இல்லப் போட்டியை நான் கணக்கில் எடுக்கவில்லை என்று இன்னொருவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். வீச்சுக்கு ஓய்வு கொடுத்த அதே வாரம் என் பையன் அவனுடைய இல்லத்துக்காக ஈட்டி எறியப் போயிருந்தான். இப்போது டப்பாவோடு இல்லப் பொறுப்பாசிரியரிடமும் போய் நிற்கிறேன்.