புள்ளிப் பட்டியலை அழித்த பிறகு

கடலூர் முதுநகரில் ஏழாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் நான், முழுக்கள் பாடத்தில் ஆர்வம் பிறக்கட்டும் என்று கரும்பலகையின் ஓரத்தில் புள்ளிப் பட்டியல் ஒன்றை எழுதத் தொடங்கினேன். முதல் வாரம் வகுப்பு கலகலத்தது. மூன்றாம் வாரத்திலோ பட்டியலின் முதல் ஐந்து இடங்களில் இருந்தவர்கள் மட்டுமே கை தூக்கினார்கள். அடியில் இருந்தவர்கள் தங்கள் பெயரைப் பார்க்கவே கூசினார்கள். அது என்னை மிகவும் வருத்தியது.

உள்ளார்ந்த ஊக்கத்திற்குத் தன்னாட்சி (தானே தேர்ந்து செய்கிறோம் என்ற உணர்வு), திறனுணர்வு (தன்னால் முடியும் என்ற உணர்வு), பிறரோடான பிணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் ஆகிய உளவியலாளர்களின் கோட்பாடு. என் பட்டியல் மூன்றையுமே கெடுத்திருந்தது.

எனவே அதை அழித்துவிட்டுப் பாடத்தை 6 நிலைகளாகப் பிரித்தேன். நிலைக்கு 5 கணக்குகள்; 4 சரியானால் அடுத்த நிலை, தவறினால் புள்ளி எதுவும் குறையாமல் மறுநாளே புதிய கணக்குகளோடு மீண்டும் முயலலாம். கைப்பேசி விளையாட்டில் தோற்ற பிள்ளை உடனே மறுபடி தொடங்குவதற்கு, அங்கே தோல்வியின் விலை குறைவாக இருப்பதே முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். நால்வர் கொண்ட குழுவில் அனைவரும் ஒரு நிலையைக் கடந்தால், மறுநாளின் புதிர்க் கணக்கை அந்தக் குழுவே தேர்ந்தெடுக்கும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், மூன்று முறை தவறிய குறை எண் கழித்தலை நான்காம் முயற்சியில் முடித்ததும், தன் குழுவினருக்கு அதை எண்கோட்டில் விளக்கத் தொடங்கிவிட்டான்.