பழைய டயரின் தேய்மானத்தைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

புது டயர் மாற்றுவதற்கு முன், கழற்றப்போகும் பழைய டயரைச் சற்று உற்றுப் பாருங்கள். அது எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பதிலேயே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே இடத்தில்தான் தேயும்.

இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நின்றால், வண்டி நெடுநாள் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டில் காற்றுக் குறைவுக்கே நான் அதிகம் அஞ்சுவேன். அத்தகைய டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் உள்ளே சூடேறி, ரப்பருக்கும் அதனுள் இருக்கும் இழைகளுக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து, வேகமாகச் செல்லும்போது டயர் வெடித்துவிடக்கூடும். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாலும் இதே கதிதான்.

சரியான காற்றழுத்த அளவு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். பக்கச்சுவரில் பொறித்திருப்பது அந்த டயருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம். அதைப் பார்த்துக் காற்று நிரப்பி, டயர்களை நடுவில் மொட்டையாக்கிய அனுபவம் எனக்கும் உண்டு. மாதம் ஒருமுறையாவது, வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்ற பிறகு அளந்து பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும் என்பதால், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக் கூடாது. ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்லைப்போல் சொரசொரப்பாகவும் இருந்தால், கண்ணுக்குத் தேய்மானம் தெரியும் முன்பே கோளாறு தொடங்கிவிட்டது என்று பொருள். (கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டயரில் இதைச் செய்ய வேண்டாம்.) அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்சிங்கையும் (சக்கரத்தின் எடைச் சமநிலை) சோதியுங்கள்.

பள்ளத்தில் இறங்குவது தவிர்க்க முடியாததென்றால், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இறங்கும் நொடியில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பிரேக் அழுந்தியிருந்தால் முன்சக்கரத்தின்மீது பாரம் கூடி அடி பலமாக விழும். அதன்பின் பக்கச்சுவரில் வீக்கம் தென்பட்டால் உள்ளிழைகள் அறுந்துவிட்டன. அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும்.

ஓடாத டயரும் முதுமையடையும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அதன் பிறப்பைச் சொல்லும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வரிப்பள்ளங்களின் அடியில் உள்ள சிறு மேடுகள் 1.6 மி.மீ. உயரம் கொண்டவை, ரப்பர் அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், விரிசல் ஏதும் இல்லாவிட்டாலும் டயரின் ஆயுள் முடிந்தது.