குழந்தைகளுக்கு வரும் ஆட்டோஇம்யூன் கணைய அழற்சி: கண்டறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தைத் தாக்கி வீங்க வைப்பதுதான் ஆட்டோஇம்யூன் கணைய அழற்சி. குழந்தைகளிடம் அரிது, வந்தால் பெரும்பாலும் பதின்ம வயதை ஒட்டி வரும். வயிற்றுவலி, சிலருக்கு மஞ்சள் காமாலை, எடை குறைவு. இதை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, திசு, மருந்துக்குக் கிடைக்கும் பலன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். 2011இல் வந்த சர்வதேச வரையறைகள் பெரியவர்களுக்கானவை. அவற்றை அப்படியே பிள்ளைகள்மேல் போடுவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

முதலாவது, ஐஜிஜி4 என்ற நோய் எதிர்ப்புப் புரதம். இந்த நோயில் இரண்டு வகைகள் உண்டு. பெரியவர்களுக்கு, அதிலும் வயதான ஆண்களுக்கு வரும் முதல் வகையில் ரத்தத்தில் இந்தப் புரதம் ஏறியிருப்பதை 2001இல் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டினார்கள். அதிலிருந்து அது இந்த நோயின் அடையாள அட்டை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகையை ஒத்தது. அவர்களில் பலருக்கு ஐஜிஜி4 இயல்பாகவே இருக்கும். ‘அளவு சரியாக இருக்கிறது, அப்போ இந்த நோய் இல்லை’ என்று கோப்பை மூடுவது தவறு. அளவு கூடியிருந்தாலும் அது மட்டுமே நோயை நிரூபித்துவிடாது. வயதுக்கு ஏற்ப இயல்பு அளவு மாறும் என்பதையும் மறக்கக் கூடாது.

கணையம் சுரக்கும் செரிமான நொதியான லிப்பேஸ் விஷயமும் இப்படித்தான். இயல்பின் மேல்வரம்பைப் போல மூன்று மடங்கு ஏறினால்தான் கணைய அழற்சி என்று மனதில் பதிந்திருக்கிறது. உண்மையில் திடீர்க் கணைய அழற்சிக்கே வலி, நொதி அளவு, ஸ்கேன் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு போதும். ஆட்டோஇம்யூன் வகையில் லிப்பேஸ் லேசாக மட்டும் ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம். வலி மட்டும் திரும்பத் திரும்ப வரும். அப்படிப்பட்ட பிள்ளையை ‘கேஸ்’, ‘பள்ளிக்கூடப் பயம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் மாதங்கள் வீணாகும்.

ஸ்கேனுக்கு வருவோம். அல்ட்ராசவுண்ட் நல்ல தொடக்கம்தான்; ஆனால் குடல்வாயு கணையத்தை மறைத்துவிடும் என்பதால் அதோடு நிற்க முடியாது. எம்ஆர்ஐயும், நாளங்களைக் காட்டும் எம்ஆர்சிபியும் தேவை. எம்ஆர்ஐயின் டி1 படத்தில் ஆரோக்கியமான கணையம் பளிச்சென்று, ஓரம் மடிப்பு மடிப்பாகத் தெரியும். இந்த நோயில் அது மங்கி, உப்பி, ஓரம் வழவழப்பாகிவிடும். சில சமயம் சுற்றிலும் மெல்லிய உறைபோல ஒரு விளிம்பு தெரியும். கணைய நாளத்தைத்தான் கவனமாகப் பின்தொடர வேண்டும்: அங்கங்கே சுருங்கி, காணாமல் போய், மறுபடி தென்படும், ஆனால் சுருக்கத்துக்கு மேற்புறம் பெரிதாக விரிந்திருக்காது. கட்டி அடைத்திருந்தால் அந்த இடம் பெரும்பாலும் விரிந்திருக்கும். அறிக்கையில் ‘கணையத் தலை வீக்கம்’ என்ற இரண்டு வார்த்தையை மட்டும் படித்தால் இது எதுவும் பிடிபடாது.

அந்த இரண்டு வார்த்தை கிளப்பும் புற்றுநோய்ப் பயத்தில் அறுவைச் சிகிச்சைக்கு ஓடுவது பெரிய தவறு. பெரியவர்களுக்கு வரும் கணையப் புற்றுநோய் குழந்தைகளிடம் மிக மிக அரிது. புற்றுநோய்க் குறியீடாக ரத்தத்தில் பார்க்கும் சிஏ 19-9 பித்தநாள அடைப்பாலும் ஏறும் என்பதால் அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. அதற்காகக் கட்டியே இருக்காது என்று இருந்துவிடவும் முடியாது. நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமா, கணையத்திலேயே தோன்றும் சில குழந்தைப் பருவக் கட்டிகள் இதே முகத்தோடு வரும். சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாகத் திசு எடுக்க வேண்டும். ஊசியில் வந்த துணுக்கு சிறியதாக இருந்து ‘குறிப்பிடும்படி எதுவும் இல்லை’ என்று அறிக்கை வந்தால், அதை நோய் இல்லை என்று படிக்கக் கூடாது.

இந்த நோயைத் தணிக்கத் தரும் மருந்து ஸ்டீராய்டு. என் பார்வையில் மோசமான தவறு, ‘ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம், குறைந்தால் இதுதான்’ என்பது. லிம்போமாவும் ஸ்டீராய்டுக்குச் சுருங்கும்! பிறகு திசு எடுத்தாலும் விடை தெளிவாகக் கிடைக்காது. கட்டி இல்லை என்று முடிந்தவரை உறுதியான பிறகே மருந்து. வலி போனதை மட்டும் வைத்து மருந்து பலித்தது என்று சொல்லவும் கூடாது. சில பிள்ளைகளுக்கு இது தானாகவே தணிகிறது. மறுபடி ஸ்கேன் எடுத்து வீக்கமும் நாளச் சுருக்கமும் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

மற்ற காரணங்களைத் தேடாமல் விடுவதும் உண்டு. பித்தக்கல், நாளங்களின் பிறவி அமைப்புக் கோளாறு, மருந்துகள், பிஆர்எஸ்எஸ்1, ஸ்பிங்க்1, சிஎஃப்டிஆர் போன்ற மரபணு மாற்றங்கள் எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும்.

அப்புறம் குடல். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் போன்ற குடல் அழற்சி நோய்க்கும் இதற்கும் நெருங்கிய உறவு. ஏற்கெனவே குடல் நோய்க்கு அசதியோபிரின் அல்லது மெசலசின் சாப்பிடும் பிள்ளைக்குக் கணையம் வீங்கினால் பழி நேராக மருந்துமேல் விழும். அது சரியாகவும் இருக்கலாம், ஆனால் ஸ்கேனைப் பார்க்காமல் சொல்லக் கூடாது. குடல் நோய் இல்லாத பிள்ளையிடம் மலத்தில் ரத்தம் வருகிறதா, வயதுக்கேற்ற உயரம் இருக்கிறதா என்று விசாரித்து, குடல் அழற்சியைக் காட்டும் புரதமான கால்புரோடெக்டினையும் மலத்தில் பார்க்கலாம். குடல் நோய் பின்னால் தலைகாட்டவும் கூடும் என்பதால் இந்தக் கேள்விகளை அடுத்தடுத்த சந்திப்புகளிலும் கேட்க வேண்டும். அப்போதே ரத்தச் சர்க்கரையையும், கணையம் செரிமான நொதிகளைப் போதிய அளவு சுரக்கிறதா என்று காட்டும் மல எலாஸ்டேஸையும் பார்த்துவிடுவது நல்லது. சில பிள்ளைகளுக்கு அழற்சி அடங்கிய பிறகும் இந்த இரண்டில் குறை தங்கிவிடுகிறது.