ஸ்பானிய முழக்கங்களில் ஏவல்வினையை அமைப்பது எப்படி?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதிக்காக ஸ்பானியம் கற்பவர்கள், வெளிநாட்டுக் கொள்முதலாளர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருப்பதால், ‘உஸ்தெத்’ என்னும் மரியாதை வடிவத்தையே முதலில் பழகுகிறார்கள். சிறு பிள்ளையையும் ‘வாங்க’ என்றழைக்கும் கொங்கு நாவுக்கு அது எளிதில் படிந்துவிடும். ஆனால், முழக்கம் எழுதும்போது அந்தப் பழக்கத்தை ஒதுக்கிவையுங்கள். நாமும் பதாகையில் ‘தமிழா, எழு’ என்றே எழுதுகிறோம். அந்த ஒருமையை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

‘எடு, கைக்கொள்’ எனப் பொருள்படும் ‘தோமார்’ என்ற வினையின் இறுதி ரகரத்தை நீக்கினால் ‘தோமா’ என்னும் ஒருமை ஏவல் கிடைக்கும். 2011 மே 15 அன்று ஸ்பெயின் நகரங்களில் திரண்டவர்களின் ‘தோமா லா காயே’ (தெருவைக் கைக்கொள்) இவ்வாறு அமைந்ததே. பலரை விளிக்க ஸ்பெயினில் ‘தோமாத்’ என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் ‘தோமென்’ என்பார்கள். ஆகவே, எந்த நாட்டவருக்காக எழுதுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

எதிர்மறையில் தமிழறிவு பெரிதும் கைகொடுக்கும். ‘பார்’ என்பது ‘பார்க்காதே’ என உருமாறுவதுபோல, ‘மீரா’ என்பதும் ‘நோ மீரெஸ்’ என மாறும். ‘நோ நோஸ் மீரெஸ், ஊனெதே’ (எங்களைப் பார்த்துக்கொண்டிராதே, சேர்ந்துகொள்) என்னும் முழக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள். ‘எங்களை’ என்னும் ‘நோஸ்’ எதிர்மறை வினைக்கு முன்னே தனித்து நிற்பதையும், ‘ஊனெதே’யின் ‘தே’ உடன்பாட்டு வினையின் பின்னே, நம் ‘கொள்’ போல, ஒட்டிக்கொள்வதையும் அந்த ஒரே வரி காட்டிவிடுகிறது.

எதிரில் இல்லாதவரைக் குறித்து முழங்க ஏவல் உதவாது, வியங்கோள் வேண்டும். நம் ‘வாழ்க’ அவர்களுக்கு ‘பீவா’; நம் ‘ஒழிக’ அவர்களுக்கு ‘முவேரா’. 2001 டிசம்பரில், வங்கியிலிருந்த சொந்தப் பணத்தையே விரும்பியபடி எடுக்க முடியாமல் தவித்த அர்ஜென்டினா மக்கள், பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து, ‘கே சே வாயான் தோதோஸ்’ (எல்லோரும் போய்த் தொலையட்டும்) என்று முழங்கினார்கள். அதிபர் தெ லா ருவா 20ஆம் தேதி பதவி விலகினார். அந்த ‘அட்டும்’ என்னும் ஈற்றின் வேலையை ஸ்பானியத்தில் ‘கே’யும் ‘வாயான்’ என்னும் வினைவடிவமும் சேர்ந்து செய்கின்றன.

1936இல், ஸ்பானிய உள்நாட்டுப் போர் தொடங்கியபோது, மத்ரீதில் கம்யூனிஸ்டுத் தலைவர் தொலோரெஸ் இபாரூரி முழங்கிய ‘நோ பசரான்’ என்பதை ஏவலாகக் கொள்ளாதீர்கள். ‘அவர்கள் கடந்து வரமாட்டார்கள்’ என்னும் எதிர்காலக் கூற்று அது.

பதாகையில் எழுதும்போது, தொடக்கத்தில் தலைகீழ் வியப்புக்குறியையும், ‘ஊனெதே’யின் முதலெழுத்தின்மேல் அழுத்தக்குறியையும் மறவாமல் இடுங்கள்.